ஒரு செட், அணியும் முறையுடன்

முதலில் கம்மல். பிறகுதான் மாலை.
மாலையை முதலில் போட்டுவிட்டால்
கம்மலுக்குக் கழுத்தைச் சாய்க்கையில்
கொக்கி பின்முடியைப் பிடுங்கும்.
வாங்க வருகிற எல்லாரிடமும் சொல்கிறேன்.
பாதிப்பேர் கேட்பதில்லை.
பிடுங்கிய முடியோடு வந்து
கொக்கி சரியில்லை என்கிறார்கள்.

சமாதானபுரத்தில், மாடியில் என் அறை.
கீழே பஞ்சர் கடையில்
காற்றடிக்கிற போதெல்லாம்
தட்டில் பாசிகள் ஒரு தடவை நடுங்கும்.
கடுகளவு, மிளகளவு, உளுந்தளவு என்று
பலசரக்குக் கணக்கில் பிரித்து வைத்திருக்கிறேன்.
கத்திரிப்பூ நிறம் கேட்டால் அது இரண்டு நிறம்:
வெயிலில் ஒன்று, டியூப்லைட்டில் ஒன்று.
எங்கே போட்டுப் போகிறீர்கள் என்று
கேட்ட பிறகுதான் கோப்பேன்.

காலர் வைத்த ரவிக்கைக்கு மாலை வேண்டாம்,
கம்மல் மட்டும் போதும்.
செட் என்றால் சேர்த்தே போட வேண்டுமென்று
எந்தக் கோர்ட்டிலும் தீர்ப்பில்லை.
நடுமணி தொண்டைக்குழிக்கு இரண்டு விரல் கீழே;
என் விரல் அல்ல, உங்கள் விரல்.
சென்ட் அடித்துக் காய்ந்த பிறகு பாசி.
போட்டபடி ஆற்றில் இறங்காதீர்கள்.
குறுக்குத்துறையில் ஒரு முங்கு முங்கி
மீன்களுக்கு நாற்பது பச்சைப் பாசி
போட்டுவிட்டு வந்தவளை எனக்குத் தெரியும்.
வெள்ளைச் சேலைக்கு எந்த நிறமும் சேரும்.
வெள்ளைக்குக் கேட்கிறவர்கள்
கொஞ்சம் தயங்கித்தான் கேட்பார்கள்.
அவர்கள் முன்னால்
சிவப்புத் தட்டைத்தான் முதலில் வைப்பேன்.

ஜெபசீலி ஆடி மாதம் வந்தாள்.
வலது காதுக்குப் பின்னால்
அவரை விதை போல ஒரு மெஷின்.
கொழுந்தன் கல்யாணத்துக்கு
நீலக் கண்ணாடிப் பாசியில்
மூன்றடுக்கு மாலையும் தொங்கலும்.
கல்யாணம் முடிந்த மறுநாளே திரும்ப வந்தாள்.
‘தகரத்துல ஆலங்கட்டி விழுத மாதிரி இருக்குக்கா.
தலை அசைஞ்சா போதும்.
மேளம்கூட கேக்கல.’

அவள் முன்னாலேயே அறுத்தேன்.
கம்மலில் கண்ணாடியை எடுத்துவிட்டு
நூல் சுற்றிய மணி வைத்தேன்.
ஒன்றையொன்று தொடாதபடி
மணிக்கு மணி முடிச்சு.
என் காதருகே ஆட்டிப் பார்த்தேன். சத்தமில்லை.
என் காதில் பார்த்து என்ன பிரயோசனம் என்று
அப்புறம்தான் உறைத்தது.
அவள் வாங்கி மாட்டினாள்.
தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள்.
ஒன்றும் சொல்லாமல் படியிறங்கிப் போனாள்.

கார்த்திகையில் மறுபடி வந்தாள்,
குடையிலிருந்து தண்ணீர் சொட்ட.
‘ஒரு கண்ணாடிப் பாசி வச்சுத் தாங்க.
ஒண்ணே ஒண்ணு. மெஷின் பக்கம்.’

ஏன் என்றேன்.

‘யாரு என்ன பேசினாலும்
கேட்டுச்சு கேட்டுச்சுன்னு தலையாட்டுதேன்.
பாதி நேரம் கேக்கதே இல்ல.
சும்மா ஆட்டுதேன்னு
எனக்காவது தெரியணும்லா.’

உளுந்தளவில் ஒன்று எடுத்தேன்,
கனம் பார்த்து வைத்துவிட்டு
மிளகளவில் வேறொன்று.
நூல்மணிக்குக் கீழே, ஒரு வெள்ளிக் குண்டோடு
இடிக்கிற தூரத்தில் கோத்தேன்.
இனி அந்தக் கம்மல் இரண்டும் ஒன்றல்ல.
சிட்டையில் எழுதிக் கொடுத்தேன்:
நீலம் வலது.

மாட்டினாள்.
கீழே ஏதோ லாரிக்குக் காற்றடித்தார்கள்.
தட்டு நடுங்கியது.
‘சரியா இருக்கா?’ என்று கேட்டேன்.

தலை அசையப் போய், நின்றது.

‘கேக்கலக்கா’ என்றாள்.
‘இன்னொரு தடவ சொல்லுங்க.’